பட்டயக் கணக்கறிஞர் இறுதித் தேர்வுக்கான ஆயத்தம்

பட்டயக் கணக்கறிஞர் இறுதித் தேர்வு என்பது இந்தியப் பட்டயக் கணக்கறிஞர் கழகம் நடத்தும் மூன்று நிலைத் தேர்வுகளுள் கடைசியானது ஆகும். பேச்சு வழக்கில் இது சி.ஏ. பைனல் எனப்படுகிறது. இதில் தேறிக் கழகத்தின் உறுப்பினராகச் சேர்ந்தவரே நிறுவனங்களின் கணக்குகளைச் சட்டப்படி தணிக்கை செய்து கையொப்பமிடும் உரிமை பெறுகின்றார். தமிழ்நாட்டில் இவரைப் பொதுமக்கள் ஆடிட்டர் என்றே அழைக்கின்றனர். கழகத்தில் 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர்.

இத்தேர்வு கடினமானது எனப் பெயர் பெற்றது. 2024 மே மாதத் தேர்வில் இரு தொகுதிகளையும் ஒருங்கே எழுதியவர்களுள் 19.88 விழுக்காட்டினரும், அதே ஆண்டு நவம்பர் தேர்வில் 13.44 விழுக்காட்டினரும் மட்டுமே தேறினர். பாடத்தின் ஆழம் இதற்கு ஒரு காரணம். தேர்ச்சி விதி, பயிற்சிக் காலம், தேர்வு மொழி, வாழும் இடம் ஆகியவையும் ஆயத்தத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை தேர்வின் அமைப்பையும், நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை போன்றதொரு மலைப்பகுதியிலிருந்து அதனை நோக்கிச் செல்லும் மாணவர் எதிர்கொள்ளும் வழியையும் விளக்குகின்றது.

வரலாறு

இந்தியாவில் கணக்குத் தணிக்கைக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்னும் நிலை 1913ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்துடன் தோன்றியது. 1918இல் பம்பாயில் அரசு கணக்கியல் பட்டயம் தொடங்கப்பட்டது. சுருக்கமாக ஜி.டி.ஏ. எனப்பட்ட இப்பட்டயத்தைப் பெற, தேர்வில் தேறுவதுடன் ஒரு கணக்காளரிடம் மூன்றாண்டு பயிற்சியும் பெறவேண்டியிருந்தது. படிப்பும் அலுவலகப் பயிற்சியும் இணைந்தே செல்லவேண்டும் என்னும் இன்றைய முறையின் வேர் இதுவே. விடுதலைக்குப் பின்னர் 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்கறிஞர் சட்டத்தின் கீழ், அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள், கழகம் நிறுவப்பட்டது. இதன் முதல் தலைவர் ஜி. பி. கபாடியா ஆவார். தென்னிந்திய மண்டலக் குழுவின் தலைமையிடம் சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ளது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இத்துறையின் வரலாற்றில் ஆர். சிவபோகம் (1907–1966) தனியிடம் பெறுகின்றார். சென்னை லேடி வெல்லிங்டன் பள்ளியிலும் இராணி மேரிக் கல்லூரியிலும் பயின்ற இவர், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பின்னர் 1933இல் அரசு கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறி, அதில் தேறிய முதல் இந்தியப் பெண் ஆனார். சிறைத் தண்டனை பெற்றவர் கணக்காளராகப் பதிவு செய்யக்கூடாது என்னும் அக்காலத் தடையை எதிர்த்து வழக்காடி வென்ற பின்னரே, 1937இல் தனியே தொழில் தொடங்க இயன்றது. தேர்வில் தேறியதற்கும் தொழில் தொடங்கியதற்கும் இடையே நான்கு ஆண்டுகள் கழிந்தன என்பது கவனிக்கத்தக்கது. 1955 முதல் 1958 வரை தென்னிந்திய மண்டலக் குழுவின் தலைவராகவும் இருந்தார். இறுதித் தேர்வை முதல் முயற்சியிலேயே எழுதித் தேறும் பெண்களுள் சிறந்தவருக்கு 1956இல் இவர் ஒரு பரிசை ஏற்படுத்தினார்.

பாடத்திட்டம் அவ்வப்போது மாற்றப்பட்டு வந்துள்ளது. 2017ஆம் ஆண்டுத் திட்டத்தில் இறுதித் தேர்வு எட்டுத் தாள்களைக் கொண்டிருந்தது. 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் தாள்கள் ஆறாகக் குறைக்கப்பட்டன. இத்திட்டத்தின்படியான முதல் இறுதித் தேர்வு 2024 மே மாதம் நடைபெற்றது. ஆண்டுக்கு இருமுறை, மே, நவம்பர் மாதங்களில், நடந்துவந்த இறுதித் தேர்வை ஜனவரி, மே, செப்டம்பர் என மும்முறை நடத்தக் கழகம் 2025இல் முடிவு செய்தது.

தேர்வின் அமைப்பு

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அடிப்படைத் தேர்வு, அதன் பின் இடைநிலைத் தேர்வு, பின்னர் இரண்டாண்டு செயல்முறைப் பயிற்சி, அது முடிந்து ஆறு மாதங்கள் கழித்து இறுதித் தேர்வு என்பது இன்றைய வரிசை. வணிகவியல் பட்டதாரிகள் 55 விழுக்காடும், பிற பட்டதாரிகள் 60 விழுக்காடும் பெற்றிருப்பின் அடிப்படைத் தேர்வு இன்றி நேரடியாக இடைநிலைக்குச் செல்லலாம். கலைக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு இத்துறைக்கு வரும் சிற்றூர் மாணவர்களுக்கு இவ்வழி பெரிதும் பயன்படுகின்றது.

இறுதித் தேர்வின் முதல் தொகுதியில் நிதி அறிக்கையிடல், உயர்நிலை நிதி மேலாண்மை, உயர்நிலைத் தணிக்கையும் தொழில் ஒழுக்கமும் ஆகிய மூன்று தாள்கள் உள்ளன. இரண்டாம் தொகுதியில் நேர்முக வரிச் சட்டங்களும் பன்னாட்டு வரிவிதிப்பும், மறைமுக வரிச் சட்டங்கள், ஒருங்கிணைந்த வணிகத் தீர்வுகள் ஆகிய மூன்று தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நூறு மதிப்பெண். முதல் ஐந்து தாள்கள் மூன்று மணி நேரம் நடைபெறும். இவற்றில் 30 மதிப்பெண்கள் பலவுள் தெரிவு வினாக்களுக்கு உரியவை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை.

ஆறாவது தாள் நான்கு மணி நேரம் நடைபெறும். இதில் ஒரு நிறுவனத்தின் கதையை விரிவாகக் கொடுத்து, கணக்கியல், வரி, தணிக்கை, சட்டம் அனைத்தையும் கலந்து வினவுவர். நூல்களைத் தேர்வறைக்குள் எடுத்துச் செல்லலாம். இதனால் இத்தாள் எளிது என்று எண்ணுவோர் பலர். நூலில் எங்கே தேடுவது என்று முன்பே அறிந்திராதவருக்கு நான்கு மணி நேரமும் பக்கங்களைப் புரட்டுவதிலேயே கழிந்துவிடும்.

இவை தவிர நிறுவனச் சட்டமும் செலவுக் கணக்கியலும் இணையவழித் தற்கற்றல் பகுதிகளாக மாற்றப்பட்டுள்ளன. விருப்பப் பாடங்கள் இரண்டுடன் சேர்த்து நான்கு பகுதிகளிலும் 50 விழுக்காடு பெற்ற பின்னரே இறுதித் தேர்வை எழுத இயலும்.

தேர்ச்சி விதியின் கணக்கு

ஒரு தொகுதியில் தேற ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண்ணும், தொகுதியின் மொத்தத்தில் 50 விழுக்காடும் பெறவேண்டும். இவ்விதி பார்வைக்கு எளியது, விளைவில் கொடியது. மூன்று தாள்களில் 40, 40, 70 பெற்றவர் 150 மதிப்பெண்ணுடன் தேறிவிடுவார். 49, 50, 50 பெற்றவர் 149உடன் தவறிவிடுவார். 39, 75, 80 பெற்றவரும் தவறியவரே.

இரு தொகுதிகளையும் ஒரே தடவையில் எழுதுபவருக்கு ஒரு சலுகை உண்டு. ஆறு தாள்களிலும் 40க்குக் குறையாமல் பெற்று, மொத்தம் 600க்கு 300 எடுத்துவிட்டால், ஒரு தொகுதியில் 150க்குக் குறைந்திருப்பினும் இரண்டிலும் தேறியவராகவே கொள்ளப்படுவார். வலுவான வரித் தாள்கள் நலிந்த நிதி மேலாண்மையைத் தூக்கிவிடக்கூடும். ஆனால் ஆறு தாள்களையும் ஒருங்கே ஆயத்தம் செய்ய முழுநேரமும் தேவைப்படுகின்றது. பகலில் வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர் ஒவ்வொரு தொகுதியாக எழுதுவதே பொருத்தம் எனலாம்.

தவறிய தொகுதியில் ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் பெற்றிருந்தால், அத்தாளுக்கு அடுத்த மூன்று தேர்வுகள் வரை விலக்கு அளிக்கப்படுகின்றது. புதிய திட்டத்தில் அதற்குப் பின்னரும் விலக்கை நிலையாக வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். ஆனால் அவ்வாறு செய்பவர் எஞ்சிய தாள் ஒவ்வொன்றிலும் 50 பெற்றாக வேண்டும். ஆகவே எந்தத் தாளில் 60ஐக் குறிவைப்பது, எந்தத் தாளில் 40ஐக் காப்பது என்பதை மாணவர் முன்கூட்டியே திட்டமிடவேண்டியுள்ளது. எல்லாத் தாள்களிலும் சராசரியாக இருப்பதே இத்தேர்வில் மிகவும் இடர் மிகுந்த நிலை.

செயல்முறைப் பயிற்சி

ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படும் செயல்முறைப் பயிற்சி, தொழில் நடத்தும் ஒரு பட்டயக் கணக்கறிஞரிடம் பெறப்படுவது. முன்னர் மூன்று ஆண்டுகளாக இருந்த இது 2023ஆம் ஆண்டுத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. பயிற்சி பெறுபவருக்கு வழங்கவேண்டிய குறைந்தபட்ச உதவித்தொகை, அலுவலகம் அமைந்துள்ள நகரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. சிறிய ஊரில் தொகை குறைவு. இத்தொகையைக் கொண்டு மட்டும் வெளியூரில் அறை எடுத்துத் தங்கி உண்பது கடினம் என்பதால், பயிற்சிக் காலம் முழுவதும் குடும்பத்தின் உதவி தேவைப்படுகின்றது. பயிற்சிக்குப் பின் வரும் ஆறு மாதங்களில் அத்தொகையும் இராது. பலர் படிப்பைக் கைவிடுவது அறிவுக் குறைவால் அன்று, இந்த இடைவெளியில் கைப்பொருள் தீர்ந்துபோவதால்தான்.

பயிற்சி எங்கே பெறுவது என்பது பெரிதும் விவாதிக்கப்படும் ஒன்று. பெருநகர அலுவலகத்தில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தணிக்கையைக் காணலாம். ஆனால் ஒரே வகைப் பணியில் இரண்டாண்டும் கழிந்துவிடக்கூடும். சிறிய ஊர் அலுவலகத்தில் பேரேட்டை எழுதுவது முதல் வரி அலுவலரின் அறிவிப்புக்கு விடையெழுதுவது வரை அனைத்தும் ஒருவர் கைக்கே வரும். ஆனால் இறுதித் தேர்வின் நிதி அறிக்கையிடல் தாளில் பெரிதும் வினவப்படும் இந்தியக் கணக்கியல் தரநிலைகள், நிகர மதிப்பு 250 கோடி ரூபாய்க்குக் குறையாத நிறுவனங்களுக்கும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கும் உரியவை. சிறிய ஊரில் பயிற்சி பெறுபவர் அவற்றை நேரில் காண்பது அரிது. அக்குறையை நூலால்தான் ஈடுசெய்யவேண்டும்.

கொல்லிமலையும் நாமக்கல் வட்டாரமும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, சேளூர்நாடு என நாடு என்றே முடியும் பெயர்களைக் கொண்ட 14 ஊராட்சிகள் இம்மலையில் உள்ளன. செம்மேடு இதன் நிர்வாக மையம். மக்களுள் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளி இனத்தவர். இவர்கள் தமிழ் பேசுபவர்கள். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றுடன் காப்பி, மிளகு, அன்னாசி, வாழை, பலா, மரவள்ளி ஆகியன விளைகின்றன. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளே இங்குள்ள பிள்ளைகள் பலருக்குக் கல்வி வாயில்.

பட்டயக் கணக்கியல் படிப்புக்கு இம்மலையிலிருந்து அருகிலுள்ள கழகக் கிளை சேலத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, ஈரோடு, திருப்பூர் முதலிய நகரங்களிலும் கிளைகள் உள்ளன. பயிற்சிக்கும் தேர்வுக்கும் மலையிலிருந்து இறங்கியே ஆகவேண்டும். படிப்புக்கு அவ்வாறில்லை. கழகத்தின் பாடநூல்கள், திருப்புதல் வினாத்தாள்கள், மாதிரித் தேர்வுத் தாள்கள், முந்தைய தேர்வுகளுக்கான விடைகள் யாவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கழகத்தின் கல்விப் பிரிவு இணையவழி நேரலை வகுப்புகளையும் கட்டணமின்றி நடத்துகின்றது. மலையில் தொலைபேசி அலைவரிசை எல்லா ஊர்களிலும் ஒரே சீராக இல்லை என்பதால், இவற்றை இறங்கும்போது தரவிறக்கி வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. பொருளாதார நிலையில் பின்தங்கிய மாணவர்களுக்கெனக் கழகம் உதவித்தொகைகளும் வழங்குகின்றது.

மலையடிவாரம் பயிற்சிக்கு வளமான வட்டாரமாகும். நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கும் சரக்குந்துத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கும், குமாரபாளையமும் பள்ளிபாளையமும் விசைத்தறிக்கும், சேலம் வட்டாரம் சவ்வரிசி ஆலைகளுக்கும் அறியப்பட்டவை. இத்தொழில்களின் கணக்குகளே இங்குள்ள தணிக்கை அலுவலகங்களின் அன்றாடப் பணி.

பாடமும் சுற்றுப்புறமும்

இறுதித் தேர்வின் பாடம் எங்கோ மும்பையில் நிகழ்வது என்னும் எண்ணம் சிற்றூர் மாணவர்களிடையே உண்டு. ஆனால் கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்தைக் கொண்டே பல தாள்களின் வினாக்களை அமைத்துவிடலாம்.

முதலில் கணக்கியல். இந்தியக் கணக்கியல் தரநிலை 41 வேளாண்மை பற்றியது. இதன்படி முட்டைக்கோழி ஓர் உயிரியல் சொத்து. அதனை நியாய மதிப்பில், விற்பனைச் செலவைக் கழித்து, மதிப்பிடவேண்டும். காப்பிச் செடியும் உயிருள்ளதே. ஆனால் அது பல ஆண்டுகள் காய்ப்பது, செடியாக விற்கப்படாதது. எனவே அது காய்ப்புத் தாவரம் என வகைப்படுத்தப்பட்டு, இயந்திரத்தைப் போலவே தரநிலை 16இன் கீழ் தேய்மானத்துக்கு உட்படுகின்றது. அச்செடியில் தொங்கும் பழம் மீண்டும் தரநிலை 41க்குள் வந்துவிடுகின்றது. ஓராண்டில் பிடுங்கி ஆலைக்கு அனுப்பப்படும் மரவள்ளி காய்ப்புத் தாவரம் அன்று. தோட்டத்தில் நிழலுக்காகவும் மிளகுக் கொடி படரவும் நடப்படும் சில்வர் ஓக் மரம் பின்னர் தடிக்காக விற்கப்படுமாயின், அதுவும் காய்ப்புத் தாவரம் ஆகாது. ஒரே ஏக்கரில் இத்தனை வகைகள். தோட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர் இப்பாடத்தை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

அடுத்து வருமான வரி. வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை என்பது பொதுவாக அறியப்பட்டது. ஆனால் 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 7ஆ விதியின்படி, தானே விளைவித்துப் பதப்படுத்திய காப்பிக் கொட்டையை விற்பவரின் வருமானத்தில் 25 விழுக்காடு வணிக வருமானம் ஆகும். வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் அது 40 விழுக்காடு. பதப்படுத்தாத பழமாகவே விற்றுவிட்டால் முழுவதும் வேளாண் வருமானம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். மலையில் ஒருவர் தம் தோட்டத்துக் காப்பியை வறுத்து அரைத்து விற்று 8 இலட்சம் ரூபாய் இலாபம் பெறுகின்றார். நாமக்கல்லில் அவருக்கு மொத்த எடை 25 டன் உள்ள சரக்குந்து ஒன்று ஆண்டு முழுவதும் ஓடுகின்றது. பத்து வண்டிகளுக்கு மிகாமல் வைத்திருப்போர் கணக்கு எழுதாமலே உத்தேச வருமானம் காட்ட 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு இடமளித்தது. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன் ஒன்றுக்கு மாதம் 1000 ரூபாய். ஆக வண்டி வருமானம் 3 இலட்சம். காப்பியில் 40 விழுக்காடான 3.2 இலட்சத்தைச் சேர்க்க, வரிக்குரிய வருமானம் 6.2 இலட்சம். எஞ்சிய 4.8 இலட்சம் வேளாண் வருமானம். இது வரிக்கு உட்படாவிடினும் வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் சேர்க்கப்படும். 2025-26 நிதியாண்டின் புதிய முறை விகிதங்களில், 11 இலட்சத்துக்கான வரி 50,000 ரூபாய். அதிலிருந்து, வேளாண் வருமானத்துடன் அடிப்படை விலக்கான 4 இலட்சத்தைக் கூட்டிய 8.8 இலட்சத்துக்கான வரி 28,000 ரூபாயைக் கழிக்க, மீதி 22,000. மொத்த வருமானம் 12 இலட்சத்துக்கு மிகாததால் 87ஏ பிரிவின் தள்ளுபடி கிடைத்து, செலுத்தவேண்டிய வரி சுழியம் ஆகின்றது.

விடை சுழியம் என்று முன்பே ஊகித்து அதை மட்டும் எழுதியவருக்கு மதிப்பெண் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். மதிப்பெண்கள் படிகளுக்கு உரியவை: 7ஆ விதி, உத்தேச வருமானம், விகித இணைப்பு, தள்ளுபடி. பயிற்சியில் நன்கு தேர்ந்தவர்கள் தேர்வில் தவறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும். அலுவலகத்தில் மென்பொருள் இப்படிகளைத் தானே செய்துவிடுகின்றது. தேர்வறையில் அவற்றைக் கையால் எழுதிக் காட்டவேண்டும்.

இதே மனிதர் தாம் பழங்குடியினர் ஆதலால் வரியே இல்லை என்று எண்ணக்கூடும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(26) பிரிவின் விலக்கு வடகிழக்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகள், லடாக் ஆகிய இடங்களில் வாழும் பட்டியல் பழங்குடியினருக்கே உரியது. தமிழ்நாட்டு மலைகளுக்கு அது பொருந்தாது. தேர்வில் இது பலவுள் தெரிவு வினாவாக வரத்தக்கது. ஊரில் இது ஒரு குடும்பத்துக்கு வரி அறிவிப்பாக வரத்தக்கது.

மறைமுக வரியிலும் இவ்வாறே. 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் வறுக்காத காப்பிக் கொட்டைக்கு வரி இல்லை. வறுத்ததற்கு 5 விழுக்காடு. சரக்குப் போக்குவரத்து முகமையின் சேவைக்கு, வழங்குபவருக்குப் பதில் பெறுபவரே வரி செலுத்தும் தலைகீழ்ப் பொறுப்பு முறை நாமக்கல் அலுவலகங்களில் நாள்தோறும் காணக்கூடியது. தணிக்கைத் தாளில் இருப்பைக் கண்ணால் எண்ணிச் சரிபார்ப்பது பற்றிய தரநிலை 501க்குக் கோழித் தீவனக் கிடங்கை விடச் சிறந்த ஆய்வுக்கூடம் இல்லை.

மொழி

இத்தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டுமே எழுத இயலும். தமிழில் எழுத வாய்ப்பில்லை. தமிழ்வழியில் பயின்ற மாணவருக்கு இதுவே முதல் ஏற்றம். எழுபது வளைவுகளை விட இது நீண்டது.

தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புகளில் கணக்குப்பதிவியல் தமிழில் கற்பிக்கப்படுகின்றது. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு, தேய்மானம், நற்பெயர் ஆகிய சொற்களை அறிந்தவர், கல்லூரியிலும் பின்னர் கழகப் பாடநூலிலும் அவற்றை ஜர்னல், லெட்ஜர், டிரையல் பேலன்ஸ், பேலன்ஸ் ஷீட், டிப்ரீசியேசன், குட்வில் எனச் சந்திக்கின்றார். கருத்து ஒன்றே ஆதலால் இம்மாற்றம் சில மாதங்களில் வசப்பட்டுவிடும். இடர்ப்பாடு கணக்கில் இல்லை. தணிக்கை, சட்டத் தாள்களின் உரைநடை விடைகளில்தான் உள்ளது. சட்டப்பிரிவை அறிந்திருந்தும் அதனை மூன்று வாக்கியங்களில் எழுத இயலாமல் மதிப்பெண் இழப்போர் உண்டு. இவர்களுக்குப் புதிய நூல்களை விடக் கழகம் வெளியிடும் பழைய விடைகளை நாளொன்றுக்கு இரண்டு வீதம் பார்த்து எழுதுதல் பயனளிக்கும். விதி, பொருத்திப் பார்த்தல், முடிவு என்னும் அவற்றின் அமைப்பு கைக்குப் பழகிவிட்டால் மொழியின் தடை பெரிதும் குறையும்.

ஒப்பீட்டுக்காக இலங்கையைக் குறிப்பிடலாம். அங்கே உயர்தர வகுப்பில் கணக்கியல் தமிழில் கற்பிக்கப்படுவதோடு, இலங்கைக் கணக்கியல் தொழினுட்பவியலாளர் கழகத்தின் தொழில்முறைத் தேர்வுகளையும் தமிழில் எழுத இயலும். அங்கு வழங்கும் கலைச்சொற்கள் வேறு: இருப்புநிலைக் குறிப்பு ஐந்தொகை எனவும், இருப்பாய்வு பரீட்சை மீதி எனவும், தேய்மானம் பெறுமானத் தேய்வு எனவும், தணிக்கை கணக்காய்வு எனவும் வழங்கும். உயர்நிலைத் தொழில் தேர்வுக்கான நூல்கள் தமிழில் பெருகாமைக்குச் சொற்பஞ்சம் காரணம் அன்று என்பதற்கு இது சான்று.

படிக்கும் முறை

வரிச் சட்டங்கள் ஆண்டுதோறும் மாறுவதால் பழைய நூலை நம்பிப் படிப்பது ஆபத்து. பொதுவாகத் தேர்வுக்கு ஆறு மாதங்களுக்கு முன்வரை வெளியான திருத்தங்கள் வினாவுக்கு உரியவை. எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைக் கழகம் ஒவ்வொரு தேர்வுக்கும் அறிவிக்கின்றது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்னும் இரட்டை வழக்கு நீங்கி வரி ஆண்டு என்னும் ஒரே வழக்கு வந்தது. பிரிவு எண்களும் மாறின. அண்ணனோ அக்காவோ படித்த நூலைத் தம்பி பயன்படுத்தும் வழக்கம் இத்தாளில் இனிச் செல்லாது. நிதி மேலாண்மைத் தாளின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே கோட்பாடுகள் அதிகம் மாறுவதில்லை. பழைய நூலில் உள்ள கணக்குகளையும் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம்.

பயிற்சி நடக்கும் இரண்டாண்டில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் நூலுடன் செலவிட்டவருக்கும், அனைத்தையும் கடைசி ஆறு மாதத்துக்கு ஒத்திவைத்தவருக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. பின்னவர் முதல் வாசிப்பையே முடிக்க நான்கு மாதங்கள் செலவிட நேரும். எஞ்சிய இரு மாதங்களில் திருப்புதலும் மாதிரித் தேர்வும் அடங்கா. மாதிரித் தேர்வை வீட்டில் கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதிப் பார்ப்பதற்கு ஈடான பயிற்சி இல்லை. வினாவைத் தெரிந்திருந்தும் நேரம் போதாமல் கடைசி 15 மதிப்பெண்ணை விட்டுவருவது இத்தேர்வில் மிகப் பொதுவான தோல்வி முறையாகும்.

பகல் முழுவதும் சரக்குந்து உரிமையாளர்களின் பற்றுச் சீட்டுகளைப் பதிந்துவிட்டு இரவில் வழித்தோன்றல் நிதிக் கருவிகளைப் படிப்பது சலிப்பூட்டும் என்பது உண்மை. அன்றைய அலுவலகப் பணியோடு தொடர்புடைய பாடத்தையே அன்றிரவு படித்தல் என்னும் எளிய உத்தியைப் பலர் கையாள்கின்றனர். படிவம் ஒன்றைத் தாக்கல் செய்த நாளில் அதற்குரிய சட்டப்பிரிவை வாசித்தால், அது மறப்பதில்லை.

தேர்வு நாட்கள்

தாள்கள் பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள், பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகின்றன. ஐந்து தாள்கள் மாலை 5 மணிக்கும், ஆறாவது 6 மணிக்கும் முடிவடைகின்றன. 2024 நவம்பரில் முதல் தொகுதி 3, 5, 7 ஆகிய நாட்களிலும், இரண்டாம் தொகுதி 9, 11, 13 ஆகிய நாட்களிலும் நடைபெற்றது. தேர்வு முடிந்து இருட்டில் மலையேறி, மறுநாள் படித்து, அதற்கடுத்த நாள் மீண்டும் இறங்கி வருவது இயலாதது அன்று. ஆனால் இரண்டு தாள்களுக்கு இடையில் உள்ள அந்த ஒரு நாளே திருப்புதலுக்கு எஞ்சிய காலம். ஆகவே மலைப்பகுதி மாணவர் தேர்வு மையம் உள்ள நகரில் ஏறக்குறைய இரு வாரம் தங்குவதற்கான செலவை விண்ணப்பக் கட்டணத்துடன் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

தேர்வு நாட்கள் மாறுவதும் உண்டு. 2020 மே மாதத் தேர்வு கொரோனாத் தொற்றால் கைவிடப்பட்டு நவம்பர் தேர்வுடன் இணைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் இந்திய-பாக்கித்தான் மோதலை ஒட்டி, நடந்துகொண்டிருந்த தேர்வின் எஞ்சிய தாள்கள் இடையிலேயே ஒத்திவைக்கப்பட்டுப் பின்னர் அம்மாதத்திலேயே நடத்தப்பட்டன. அறை வாடகையை நாள் கணக்கில் முன்பணமாகக் கட்டியிருந்தோருக்கு இத்தகைய மாற்றம் தனிச் சுமையாகும்.

தேர்வு முடிவுகள் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. விடைத்தாளின் நகலைப் பெறவும், மதிப்பெண் கூட்டலைச் சரிபார்க்கவும் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். தவறியவர் தம் விடைத்தாளை வாங்கி, கழகம் வெளியிட்ட விடையுடன் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பது அடுத்த முயற்சிக்கான ஆயத்தத்தின் முதற் பணியாகக் கொள்ளப்படுகின்றது.